உன் வாட்சின் சாவியைத் திருகியது நான்தான்

அய்யா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நம் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஒன்றரை காட்டுகிறது. அப்படியென்றால் ஊருக்கு ஒன்று இருபது. உன் அப்பா எப்போதோ தூங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ ஓய்வாக இருக்கும்போது அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விடிந்துவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். போனில் டைப் செய்தாலோ அழித்து அழித்துக் கடைசியில் "சாப்பிட்டியா" மட்டும்தான் மிஞ்சுகிறது. அதனால்தான் பேனாவில் எழுதுகிறேன். போட்டோ எடுத்து அனுப்புவேன். அடித்தல் திருத்தல் இருந்தால் அப்படியே படித்துக்கொள்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் வாட்சின் சாவியைத் திருகித் திறந்தது நான்தான். அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு நீ கேட்டாய், இல்லை என்றேன். அது பொய். அந்தப் பொய்யினால் உன் வாட்ச் இன்னும் சென்னையில் அதை வாங்கிய கடையின் டிராயரில் ஈரம் ஏறியபடி கிடக்கிறது என்பது இன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. பாண்டி போன் பண்ணிச் சொன்னான். அவனைத் திட்டாதே. ஒரே தெருவில் வளர்ந்து இப்போது ஒரே ரூமில் இருக்கிறவன், நீ வாய் திறக்காமல் இருப்பதைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல்தான் சொன்னான். அவன் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன்.

நாம் அந்தக் கடைக்குப் போன நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வருகிறது. "ரெண்டு வருஷமா சேத்து வச்சு வாங்குறேன், நீ பக்கத்துல நிக்கணும்மா" என்று என்னைச் சென்னைக்கே வரவழைத்தாய். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு சினிமாவுக்குக்கூட யோசித்து யோசித்துப் போனவன் நீ. கடைக்குள் ஏசிக் குளிரில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. கறுப்புக் கையுறை போட்ட பையன் வாட்சைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, "சிஸ்டரும் பாருங்க" என்று என்னிடம் நீட்டினான். கல்லூரிக் கடைசி வருஷப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதியவள் நான். உனக்கு அக்கா என்று அவன் நினைத்தது அவன் தப்பில்லை. நீ "எங்கம்மா" என்றதும் அவன் முழித்த முழி இருக்கிறதே. நான் பெரிய மனுஷியாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று, "பேட்டரி எத்தனை வருஷம் வரும் தம்பி?" என்று கேட்டேன். "பேட்டரியே கிடையாது மேடம், ஆட்டோமேட்டிக். கை அசையுற அசைவுலயே ஓடும்." "அசைக்கலைன்னா?" "ரெண்டு மூணு நாள்ல நின்னுரும்." "அப்ப இவன்கிட்ட நிக்கத்தான் செய்யும். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி அசையாம உக்காந்து கிடக்கான்" என்றேன். நீயே சிரித்துவிட்டாய்.

அதோடு விட்டிருக்கலாம். பில் போடும்போது, "கொஞ்சம் பாத்துப் போடுங்க தம்பி, மதுரையில இருந்து வாரோம்" என்றேன். பெட்டியை அழகான காகிதப் பையில் வைத்துக் கொடுத்தார்கள். "கட்டைப்பை இல்லையா?" என்று கேட்டேன். "அம்மா…" என்று பல்லைக் கடித்தாய். என்னடா செய்ய, நம் ஊரில் ஒரு சேலை எடுத்தாலே கட்டைப்பை தருகிறார்களே. அன்றைக்கு இரவே சித்திரைத் திருவிழாவுக்கு நீ, நான், பாண்டி மூன்று பேரும் ரயில் ஏறினோம். கையில் கட்டிக்கொண்டு வரக் கூடாது, திருடன் பார்ப்பான் என்று பெட்டியைப் பிடுங்கி என் பைக்குள் அழுக்குத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஆசை ஆசையாய் வாங்கியதை முதல் நாள் இரவில் கையில் கட்டவிடாமல் செய்தவளும் நான்தான் என்று இப்போது தோன்றுகிறது.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டுக் கடிகாரங்கள் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடுகின்றன. நீ எல்.கே.ஜி. போகும்போது பழங்காநத்தம் முக்கில் ஸ்கூல் வேனை ஒரு தடவை விட்டுவிட்டேன். அன்றைக்கு வந்து திருப்பி வைத்தது. ஹால் கடிகாரம், சமையலறைக் கடிகாரம், அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடையில் மாட்டியிருப்பது, எல்லாமே அப்படித்தான். அப்பா கடைக்கு வருகிறவர்கள்கூட "அண்ணே, இது உங்க நேரமா, ஊர் நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மணி பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் நீ வாட்சை எங்களுக்குக் காட்டி விளக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? முந்நூறு மீட்டர் ஆழத்துக்குத் தாங்கும் என்றாய். அப்பா விடுவாரா? "நம்ம கட்டிக் குடுத்த சப்மெர்சிபிள் மோட்டாரு போருக்குள்ள பத்து வருஷமாக் கிடந்து ஓடுது. அதை எவனும் கையில கட்டிக்கிட்டுத் திரியலையேடா" என்றார். நீ சிரித்துக்கொண்டே, கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கடக் கடக்கென்று திருப்பிக் காட்டினாய்.

"தண்ணிக்குள்ள இறங்கும்போது இந்தப் புள்ளியை நிமிஷ முள்ளுக்கு நேரா வச்சுக்கணும்மா. எம்புட்டு நேரம் உள்ள இருக்கோம்னு காட்டும். இது ஒரு பக்கமாத்தான் திரும்பும், பாரு. எதுலயாச்சும் இடிச்சு நகந்துட்டாக்கூட, கூட நேரம் ஆன மாதிரித்தான் காட்டும். ஆளு சீக்கிரம் மேல வந்துருவான். காத்து தீர்ற வரைக்கும் உள்ள கிடக்க மாட்டான்."

"அப்ப நம்ம வீட்டுக் கடிகாரம் மாதிரியா?" என்றேன்.

"அதேதாம்மா. உன்னை மாதிரி பயந்த ஆளு எவனோதான் கண்டுபிடிச்சிருக்கான்."

நீ விளையாட்டாகச் சொன்னாய். எனக்கு அது எத்தனை பெருமையாக இருந்தது தெரியுமா? அத்தனை விலை கொடுத்து வாங்கிய பொருளைச் செய்தவர்களும் என்னைப் போலவே யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா உள்ளே வந்தார். "எம்புட்டுடா மகனே?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் "நாலாயிரம்" என்றேன். கண் பட்டுவிடும் என்ற பயம். "நாலாயிரத்துக்கு இம்புட்டுக் கனமா? பரவாயில்லையே!" என்று அவர் கையில் தூக்கிப் பார்த்தார். உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் காபி போடப் போய்விட்டேன்.

போன வருஷம் வரை நீச்சலே தெரியாத பையனுக்கு எதற்கு டைவிங் வாட்ச் என்று அப்பா என்னிடம் தனியாகக் கேட்டார். எனக்குத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை. டி. கல்லுப்பட்டிப் பக்கம் அப்பாவின் ஊருக்குக் கோடை விடுமுறைக்குப் போவோமே, அந்தக் கிணறுதான். பெரியப்பா வீட்டு அண்ணன்மார் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு தொபீர் தொபீரென்று குதிப்பார்கள். நான் உன்னை மோட்டார் ரூம் சுவரைவிட்டு இறங்கவே விடவில்லை. நீ அழுதாய். அழுகையை நிறுத்த, அழகர்கோவில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வாட்சை உன் கையில் கட்டி, "யாரு எம்புட்டு நேரம் முங்குறான்னு நீ பாத்துச் சொல்லு சாமி" என்றேன். நீயும் சொன்னாய். கொஞ்ச நாளில் நீ மணி பார்க்காமல் அவர்கள் முங்கவே மாட்டோம் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. "டேய், இப்ப எம்புட்டு? நல்லாப் பாத்தியா?" என்று தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கிக் கத்துவார்கள். என் பிள்ளை நனையாமலே விளையாடுகிறான் என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில், "அம்மா, உள்ள எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாய். "இருட்டா இருக்கும், பாம்பு கிடக்கும்" என்றேன். நான் எந்தக் கிணற்றுக்குள்ளும் இறங்கியதில்லை. எனக்கென்ன தெரியும்?

போன வருஷம் சென்னையில் நீச்சல் கற்றுக்கொண்டாய். கற்று முடித்த பிறகுதான் எனக்குப் போட்டோ அனுப்பினாய், தலையில் நீலத் தொப்பியோடு. நல்லாயிருக்கு என்று எழுதினேன். உண்மையில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர்ப் பயத்தில் பாதி, என்னிடம் மறைத்துச் செய்ய வேண்டியதாகிவிட்டதே என்பதில் பாதி. மறைக்கும்படி பழக்கியது யார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அந்தமானுக்குப் போய் டைவிங் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோதும் "பாக்கலாம்" என்றேன். நம் வீட்டில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

இப்போது அழகர் இறங்கிய அந்தக் காலைக்கு வருகிறேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். வாட்ச் டிவி பக்கத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சரியான நேரம் காட்டியது. அது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் ரயிலை விட்டுவிடுவான், ஆபீசுக்குத் தாமதமாகப் போவான் என்று ஏதேதோ தோன்றியது. நம் வீட்டு நேரத்துக்கு வைத்துவிட்டால் எங்கே இருந்தாலும் பத்திரமாக இருப்பான் என்று ஒரு கிறுக்குத்தனம். பக்கவாட்டில் இருக்கும் சாவியை இழுத்தால் வரவில்லை. திருகினேன், புடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பத்து நிமிடம் கூட்டி வைத்து, உள்ளே அமுக்கிவிட்டேன். அமுக்கினால் போதாது, திரும்பத் திருகி மூட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், தண்ணீரின் அழுத்தத்துக்குச் சூத்திரம் எழுதியவள். ஒரு மூடியைத் திறந்தால் மூட வேண்டும் என்று தோன்றவில்லை பாரு. நீ எழுந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அழகரைப் பார்க்கக் கிளம்புகிற அவசரத்தில் மறந்தே போனேன்.

ஆற்றில் அழகரைக் குளிர்விக்கத் தோல்பைத் துருத்தி வைத்துத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நம் பக்கம் திரும்பியதும் நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். பாண்டி, "மாப்ள, வாட்சைக் கழட்டி உள்ள வைடா" என்று கத்தினான். நீ கையைத் தூக்கி நேரே தண்ணீருக்குக் காட்டினாய். "முந்நூறு மீட்டர்டா மாப்ள! இது என்ன தண்ணி!" என்று சிரித்தாய். நீ அத்தனை சந்தோஷமாகத் தண்ணீரில் நின்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மணி பார்க்கக் கையைத் திருப்பினாய். கண்ணாடிக்கு உள்ளே பனி மூட்டியது போல் வெள்ளையாக இருந்தது. துடைத்தாய், போகவில்லை. பிறகு செல்போனை எடுத்துப் பார்த்தாய். வாட்சைப் பார்த்தாய். இரண்டுக்கும் பத்து நிமிடம் வித்தியாசம். அந்தக் கூட்டத்துக்குள் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாய். நான் அழகரைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் வந்து கேட்டாய். சத்தம் போடவில்லை. "அம்மா, இந்தச் சாவியைத் தொட்டியா?" அவ்வளவுதான் கேட்டாய். ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் கத்தியிருப்பாய், நான் அழுதிருப்பேன், சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். ஆனால் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா வாட்சைக் கையில் வாங்கி, நனைந்த மோட்டார்க் காயிலைக் காய வைக்கிற மாதிரி கடையில் பல்பு வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான், "நான் எதுக்குடா அதைத் தொடப் போறேன்? கடைக்காரன் ஏமாத்திட்டான். அரிசிக்குள்ள போட்டு வை, சரியாயிரும்" என்றேன். பெரியப்பா வேறு, "நாலாயிரம் ரூவா வாட்சுக்கா மூஞ்சியை இம்புட்டு நீளமாத் தொங்கப் போட்டிருக்க? விடுடா மகனே, வேற வாங்கித் தாரேன்" என்றார். உன்னால் அவருக்கு ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை. சொன்னால் நான் விலையில் சொன்ன பொய் வெளியே வந்துவிடும். அன்றைக்கு என் இரண்டு பொய்களுக்கு நடுவில் உன்னை நிறுத்திவிட்டேன். ராத்திரி ரயிலுக்கு நீ கிளம்பும்போது "வாரேம்மா" என்று வாசலைப் பார்த்துச் சொன்னாய். அதிலிருந்து நான் எது கேட்டாலும் ஒரு வார்த்தைதான் பதில்.

இன்று பாண்டி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. வாட்சு இன்னும் அப்படியேதான் கிடக்கு. தெறந்து பாத்துட்டு, சாவி மூடாம இருந்திருக்கு, வீட்ல யாராச்சும் நேரம் மாத்துனாங்களான்னு கடைக்காரங்க கேட்டாங்க. இவன் 'எங்கம்மா தொடலைன்னு சொன்னாங்க, தொட்டிருக்க மாட்டாங்க'ன்னு ஒரே சண்டை. கடை பூராத் திரும்பிப் பாத்துச்சு. தயாரிப்புல கோளாறு இல்லைன்னு ஒத்துக்கிட்டாத்தான் கழட்டிச் சுத்தம் பண்ணுவோம், லேட்டாக லேட்டாக உள்ள துரு ஏறும்னு அவங்களும் மெயில் மேல மெயில் போடுறாங்க. இவன் பதிலே போடலை." அவனே தொடர்ந்தான்: "வெளிய வந்து நான் கேட்டேம்மா. டேய், பத்து நிமிஷம் பாஸ்டா இருந்துச்சேடா, உனக்குத் தெரியாதான்னு. 'தெரியும் மாப்ள. அதுக்காக எங்கம்மா சொன்னது பொய்யின்னு யாரோ ஒருத்தன்கிட்ட நான் எழுதிக் குடுக்கவா?'ன்னு கேட்டுட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்."

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். ஆசைப்பட்டு வாங்கியது நாளுக்கு நாள் கெட்டுப்போவது தெரிந்தே நீ சும்மா இருந்திருக்கிறாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக. என்னிடம் பேசவும் முடியாமல், எனக்கு எதிராகப் பேசவும் முடியாமல் இத்தனை நாள் நீ எப்படி இருந்தாயோ! நான் இங்கே, பிள்ளைக்கு ஒரு வாட்சுக்காகத் தாய்மேல் இத்தனை கோபமா என்று அக்கம்பக்கத்தில் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட சொல்லி என்னாகப் போகுது? அவன்கிட்ட சொல்லு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உனக்குப் புத்தி சொல்கிற இடத்தில் நான் இப்போது இல்லை. இருந்தாலும் தாய் வாய் சும்மா இருக்காது. நாளைக்கு உனக்கென்று ஒரு பெண் வருவாள், பிள்ளை பிறக்கும். உன் பொருளை யாராவது தெரியாமல் கெடுத்துவிட்டால், அவர்கள் உண்மையைச் சொல்கிற மாதிரி உன் முகத்தை வைத்துக்கொள். நீ அன்றைக்கு அப்படித்தான் வைத்திருந்தாய், நான்தான் சொல்லவில்லை. பயத்தில் செய்கிற காரியத்தைப் பாசம் என்று நீயே நம்பிவிடாதே; நான் இருபத்து மூன்று வருஷம் நம்பினேன். பிள்ளை தண்ணீரைக் கேட்டால் கூடவே இறங்கு. எதற்காவது ஆசைப்பட்டு, உழைத்து, வாங்கினால் அதன் விலையை யாருக்காகவும் குறைத்துச் சொல்லாதே. நாளைக் காலையில் பெரியப்பாவிடம் நான் உண்மை விலையைச் சொல்லப் போகிறேன். அவர் மயங்கி விழுந்தால் அப்பா பார்த்துக்கொள்வார்.

அந்தமானுக்கு அடுத்த வாரம் கிளம்புகிறாய் என்றும் பாண்டிதான் சொன்னான். என்னிடம் சொல்லாமலே போய்விடலாம் என்று இருந்தாயோ என்னவோ. போ அய்யா. பாக்கலாம் என்று இல்லை, போ என்றே சொல்கிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வாட்ச் அதற்குள் தயாராகாது. அந்த ஒன்றை நினைத்தால்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதைக் கட்டிக்கொண்டு நீ இறங்கியிருக்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கு இப்படி எழுது: என் அம்மா நேரத்தை மாற்றினாள், சாவியைத் திருகி மூட அவளுக்குத் தெரியவில்லை, கேட்டபோது பயந்துபோய் இல்லை என்றாள், வேலையைத் தொடங்குங்கள். என் பெயரையும் போட்டுக்கொள். அவர்கள் கேட்டால் நானே போனில் பேசுகிறேன். இனி நீ எனக்காக யாரிடமும் சண்டை போட வேண்டாம். காலையில் ஆபீஸ் போகுமுன் முதலில் அவர்களுக்கு எழுது, அடுத்து எனக்கு எழுது. திட்டி எழுதினாலும் சரி. சீக்கிரம் எழுது.

அம்மா